டெபியன்: ஸ்டேபிளா, டெஸ்டிங்கா, சிட்டா?

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மூன்று கிளைகள் உண்டு: சோதித்து வெளியிடப்படும் ஸ்டேபிள், அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங், புதியவை முதலில் வந்து சேரும் சிட். சிட் ஆபத்தானது, ஸ்டேபிள் பழையது, ஆகவே நடுவில் இருக்கும் டெஸ்டிங்தான் பத்திரம். புதிய மென்பொருள்களுக்கு ஆசைப்படும் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

பொதிகள், அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்புகள், முதலில் சிட்டுக்கு வருகின்றன. பெரிய பிழை ஏதும் தென்படாவிட்டால், அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் கழித்து டெஸ்டிங்குக்குப் போகின்றன. இதில் பல உடைசல்கள் வடிகட்டப்படுவது உண்மைதான். ஆனால் பாதுகாப்புத் திருத்தமும் பெரும்பாலும் அதே வரிசையில் நின்றுதான் வர வேண்டும். சார்ந்திருக்கும் நிரல் நூலகம் ஒன்று சிக்கிக்கொண்டால் திருத்தமும் அதோடு தேங்கிவிடும். ஸ்டேபிளுக்குத் திருத்தம் அனுப்பப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. சிட்டில் பராமரிப்பாளரே நேராக ஏற்றிவிடுகிறார். நடுவில் இருப்பவர்தான் காத்துக் கிடக்கிறார்.

2024 மார்ச் இறுதியில் நடந்ததை மறக்க முடியாது. எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று, அதாவது அந்நியர் நுழைய ரகசிய வழி, ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. சிட் கணினியில் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழைவது அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைத் துருவிக் கண்டுபிடித்தார். அதற்குள் அது டெஸ்டிங்குக்கும் போயிருந்தது. ஸ்டேபிளில் பழைய 5.4.1 இருந்ததால் அது தப்பியது. பழையது என்று குறைபட்டுக்கொள்ளும் அதே குணம்தான் அன்று காப்பாற்றியது.

சிட்டில் அதற்கு வந்த திருத்தத்தின் எண்ணைப் பாருங்கள்: 5.6.1+ரியலி5.4.5, அதாவது ‘உண்மையில் 5.4.5’. மேம்படுத்தல் என்பது எப்போதும் பெரிய எண்ணை நோக்கியே நகரும். பழையதைத் திரும்பக் கொடுப்பதற்கும் புதிய எண் சூட்ட வேண்டியிருந்தது. வளர்ச்சிப் பதிப்புகளின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கணினி முடங்குவது சிறிய தொல்லை. திரும்பி வர வழி இல்லாததுதான் பெரிய தொல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் தரவுக் கோப்புறையைப் புதிய பெரும்பதிப்புக்கு மாற்றிவிட்டால் பழைய பதிப்பு அதைத் திறக்காது. சிட்டிலிருந்து ஸ்டேபிளுக்கு இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை, மறுநிறுவல்தான் வழி.

ஸ்டேபிளும் குறையற்றது அல்ல. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 6.1.64 பதிப்பில், ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் உள்ள தரவைச் சிதைக்கும் பிழை இருந்ததால் 2023 டிசம்பரில் ஸ்டேபிளின் 12.3 வெளியீடு நிறுத்தப்பட்டு 12.4 வந்தது. காப்புப்பிரதி எல்லோருக்கும் வேண்டும்.

வேலைக்கான கணினியில் ஸ்டேபிளைப் போடுங்கள். புதிதாக வேண்டிய ஓரிரு பொதிகளை, ஸ்டேபிளுக்கு ஏற்பத் தொகுத்துத் தரப்படும் பேக்போர்ட்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிழைகளைத் தேடிச் சொல்லும் ஆர்வம் இருந்தால், டெஸ்டிங்கைத் தாண்டி நேராக சிட்டுக்கே போங்கள், தனிக் கணினியில். அங்கே ஒவ்வொரு முழு மேம்படுத்தலின்போதும் நீக்கப்படவிருக்கும் பொதிகளின் பட்டியல் வரும். 2024-இல் நேரக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியபோது அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயர் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.