சல்லகி: டில்லிக் குளிரில் முழங்கால் சொன்ன சாட்சி

சல்லகி என்ற ஆயுர்வேத மரப்பிசின் மருந்து மூட்டு வலியைக் குறைக்கும். தேய்ந்த மூட்டை வளர்க்காது. இதைத் தெரிந்துகொண்டு ஆரம்பிப்பவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். டிசம்பர் பிறந்துவிட்டால் ரஜாயை (பஞ்சு மெத்தைப் போர்வை) விட்டுக் காலை வெளியே எடுக்கவே மனசு வராது. ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் ஏறிவிடுவேன், இறங்குவதுதான் கொடுமை. வலி மாத்திரை வயிற்றைப் பதம் பார்த்தபோது ஆயுர்வேத டாக்டர் எழுதிக்கொடுத்தது இது. சில குளிர்காலங்களாக எடுத்து வருகிறேன்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட குன்றுகளில் வளரும் மரம். பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் மருந்து. சாம்பிராணியைப் போன்றது, வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். அதிலுள்ள போஸ்வெல்லிக் அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன்களை உருவாக்கும் 5-லிபாக்சிஜினேஸ் நொதியைத் தடுக்கின்றன. வழக்கமான வலி மாத்திரைகள் தடுப்பது வேறு நொதியை. நாக்பூரில் மூட்டுத் தேய்மானம் உள்ள 30 பேருக்கு எட்டு வாரம் மருந்து, எட்டு வாரம் மருந்தில்லாத போலி மாத்திரை என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. வலி குறைந்தது, நடக்கும் தூரம் கூடியது, எக்ஸ்ரேயில் மாற்றமில்லை. முப்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் என் கதையும் ஏறக்குறைய அதுவே.

ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு காலை நேர விறைப்பு முதலில் தளர்ந்தது, படி இறங்குவது அப்புறம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழ இன்றும் ஒரு கை வேண்டும். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: மார்ச்சில் வெயில் வந்தாலே வலி குறையுமே, பேர் மட்டும் சல்லகிக்கா? அதனால் ஒரு ஜனவரியில், குளிர் உச்சத்தில், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்திப் பார்த்தேன். வலி மெல்ல மெல்லத் திரும்பியது. தொடைத் தசைக்கான பயிற்சியை மட்டும் எப்போதும் விடவில்லை. பாதிப் பெருமை அதற்குப் போகலாம்.

பழைய டில்லியின் மசாலா சந்தையான காரி பாவ்லியில் பிசின் கட்டியாகவே கிடைக்கிறது. வெறும் குக்குல் என்று கேட்டால் வேறு மரத்துப் பிசினை மடித்துக் கொடுப்பார்கள். சலாய் குக்குல் என்று கேளுங்கள். தூசு, பட்டை எல்லாம் கலந்திருக்கும் அதைவிட எனக்குக் கேப்சூல்தான் சரி. லேபிளில் சாறு எத்தனை மில்லிகிராம், அதில் போஸ்வெல்லிக் அமிலம் எத்தனை சதவீதம் என்ற இரண்டும் இல்லாததை வாங்குவதில்லை. வெறும் வயிற்றில் எரிச்சல் வந்தது. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் உடம்பில் கூடுதலாகச் சேரும் என்பதால் இப்போது நெய் விட்ட பருப்பு சாதத்துக்குப் பிறகுதான்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பக்கத்து வீட்டு மாமி தன் முடக்குவாதத்துக்கு இதைக் கேட்டார். "அது வேற வியாதி மாமி, டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திடாதீங்கோ" என்று சொல்லி, அடுத்த தடவை போகும்போது அந்த டாக்டரிடமே கேட்கச் சொன்னேன்.