தண்ணீர்த் தட்டா, காய்ந்த பெட்டியா? டெல்டா வீடுகளில் இன்குபேட்டர் ஈரப்பதம்

முட்டை பொரிக்கும் பெட்டியான இன்குபேட்டர் வாங்கினால் அதோடு வரும் தாளில் ஒரே பாடம்தான் இருக்கும். முதல் நாளே தட்டில் தண்ணீர் ஊற்று, 18 நாள் வரை ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி 3 நாள் 65 முதல் 70. தண்ணீரே ஊற்றாமல் ஓட்டி, 18ஆம் நாள் மட்டும் ஊற்றுவது இன்னொரு வழி. டெல்டாவில் 20, 50 நாட்டுக்கோழி முட்டை வைக்கும் வீட்டுப் பெட்டிக்கு இரண்டாவதுதான் ஏற்றது. விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் சூடு, நாளுக்கு 3 அல்லது 5 தடவை முட்டையைத் திருப்புவது, 18ஆம் நாளோடு அதை நிறுத்துவது எல்லாம் இரண்டுக்கும் பொது.

டெல்டா என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது வெளிக்காற்றுதான், சூடேறிய காற்று. ஐப்பசி மழையில் நாகப்பட்டினத்திலோ மன்னார்குடியிலோ வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால், அதே காற்று 37.5 டிகிரிக்குச் சூடானதும் உள்ளே ஏறக்குறைய 50 காட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே தாளில் போட்ட அளவு வந்துவிட்டது. அதன்மேல் தட்டை நிரப்பினால் 60, 65 என்று ஏறும். சித்திரை மதியம் 38 டிகிரி வெயிலில் வெளி ஈரப்பதம் 35க்கு இறங்கினாலும் உள்ளே 35ஐ ஒட்டித்தான் நிற்கும், நாட்டுக்கோழி முட்டை அதைத் தாங்கும். முட்டையும் தன் பங்குக்கு ஆவி விடுகிறது. 20 முட்டை நாளுக்கு 5, 6 கிராம் தண்ணீரைக் காற்றில் விடும். அதனால் நிரம்பிய பெட்டியும் நாலே முட்டை கிடக்கும் பெட்டியும் ஒரே மாதிரி நடக்காது.

ஈரப்பத மீட்டரில் என்ன எண் தெரிகிறது என்பதைவிட முட்டை எவ்வளவு எடை இழந்தது என்பதுதான் முக்கியம். 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். அப்படிக் காலியாகும் இடத்தில்தான் காற்றறை, அதாவது முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்று இடம், பெரிதாகிறது. குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்த அறைக்குள்தான். இழப்பு குறைந்தால் அறை சின்னதாகவே நின்று, குஞ்சு ஊதி, ஓட்டைக் கொத்திய இடத்திலேயே நீரில் மூழ்கிச் சாகும். பொரியாத முட்டையை உடைத்தால் நீர் வழியும், தொப்புள் மூடியிருக்காது. இழப்பு மிஞ்சினால் சவ்வு தோல் மாதிரி இறுகி, சிறுத்த குஞ்சு ஒட்டிக்கொள்ளும். தட்டை எப்போதும் நிரப்பியே வைக்கும் வீட்டில் 21ஆம் நாள் உடைத்துப் பார்க்கும்போது முதல் வகைதான் அதிகம் கிடைக்கும்.

சமையலறைத் தராசு ஒன்று போதும், 1 கிராம் துல்லியம் இருந்தால் சரி. வைக்கும் நாளே ஒவ்வொரு முட்டையின் எடையையும் பென்சிலால் ஓட்டில் எழுதிவிட வேண்டும். 44 கிராம் முட்டை 20 என்றால் மொத்தம் 880. 12 சதவீதம் என்பது 106 கிராம். ஆக 7ஆம் நாள் 839, 14ஆம் நாள் 798, 18ஆம் நாள் 774 வர வேண்டும். 7ஆம் நாள் லைட் அடித்துக் கூமுட்டையைக் கழிக்கும்போது, எழுதி வைத்த எடையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மீதிக் கணக்கு குழம்பாது. 7ஆம் நாள் 41க்குப் பதில் 30 கிராம்தான் குறைந்திருக்கிறதா? பெட்டியின் காற்றுத் துளைகளைத் திற. 55 கிராம் போய்விட்டதா? ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வை. ஆழம் முக்கியமில்லை, நீர்ப்பரப்புதான் முக்கியம். இரண்டு அங்குல ஆழச் சொம்பைவிட அகலமான தட்டு அதிக ஆவி தரும்.

மலிவான டிஜிட்டல் மீட்டரை அப்படியே நம்பக்கூடாது. பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் கல்லுப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீரில் ஈரமணல் பதத்துக்கு நனைத்து, மீட்டரோடு ஜிப் கவரில் அடைத்து ஒரு இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 82 காட்டினால் எப்போதும் 7 கழித்துப் படிக்கலாம்.

தண்ணீர்த் தட்டுக்கும் சாதகமான நேரங்கள் உண்டு. ஏசி அறைக் காற்று, 24 டிகிரியில் 50 ஈரப்பதம் என்றால், பெட்டிக்குள் 25க்கும் கீழே போய்விடும். மார்கழி, தை விடியலில் பனி கொட்டினாலும் காற்று குளிர்ந்திருப்பதால் உள்ளே 35தான் வரும்; அதை முட்டை தாங்கும், ஆனால் திருச்சிப் பக்கம் இன்னும் குறையலாம், அப்போது தட்டு உதவும். ஓடு மெலிந்த முட்டைக்கும் ஆரம்பம் முதலே கொஞ்சம் தண்ணீர் தேவைப்படும். வாத்து முட்டைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம். பராமரிப்பிலும் காய்ந்த பெட்டிதான் சுலபம். 37 டிகிரியில் தேங்கிய தண்ணீர் வழவழப்பாகும், நாற்றம் பிடிக்கும். கடலோர போர் தண்ணீர் என்றால் தட்டில் போடும் ஸ்பாஞ்சில் வெள்ளையாக உப்புக் கட்டும்.

18ஆம் நாளுக்கு மேல் இரண்டு வழியும் ஒன்றுதான். தட்டை நிரப்பி, அதில் ஸ்பாஞ்சை நேராக நிற்க வைத்து, குஞ்சு விழாதபடி மேலே வலை போட்டு 65 முதல் 70க்குக் கொண்டுவர வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைக்கிறோம் என்று காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். மூச்சு அதிகம் தேவைப்படுவது அப்போதுதான். பெட்டியின் கண்ணாடியில் நீர் வழிந்தால் துளையைப் பெரிதாக்குங்கள். தண்ணீர் குறைந்தால் மூடியைத் திறக்காமல், துளை வழியாக மெல்லிய டியூபை விட்டு ஊசி சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீரைத் தட்டில் இறக்கலாம். ஓட்டைக் கொத்தியபின் மூடியைத் திறந்தால் ஈரக்காற்று ஒரே வீச்சில் வெளியேறி, சவ்வு வெள்ளைக் காகிதம் போல் காய்ந்து குஞ்சைச் சுற்றி ஒட்டிவிடும். கொத்தியதிலிருந்து வெளிவர 24 மணி நேரம் வரை ஆகலாம்; அதற்குள் ஓட்டை உரிக்கப் போனால் ரத்தக்குழாய் அறுந்துவிடும்.

20ஆம் நாளுக்கு முன்பே பொரிந்து தொப்புள் மூடாமல் வந்தால் ஈரப்பதத்தைக் குறை சொல்வதற்கு முன் தெர்மாமீட்டரைச் சரிபாருங்கள். சூடு கூடியதன் அடையாளம் அது.