கால்பேக், பிராமிஸ், அவெயிட்: எங்கே எது?

ஒரு ஆர்டர் பக்கம். பயனர் யார் என்று சர்வரிடம் கேட்க வேண்டும். தெரிந்த பிறகு அவருடைய ஆர்டர்கள், அதன் பிறகு ஒவ்வொரு ஆர்டரின் விவரம். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதை எழுத மூன்று வழி உண்டு.

ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் 2009ல் வந்த காலத்தில் கால்பேக்தான் வழி. வேலை முடிந்ததும் அழைக்கச் சொல்லி நாம் கொடுக்கும் ஃபங்ஷன் அது. அதற்கு வரும் முதல் ஆர்கியுமென்ட் எரர், அடுத்தது டேட்டா. புரோகிராம் கோடு, கால்பேக்குக்குள் கால்பேக்காக, அடுக்கடுக்காக உள்ளே போகிறது என்பதுதான் அதன் மேல் எல்லோரும் சொல்லும் குறை. ஃபங்ஷன்களைப் பெயர் வைத்துப் பிரித்தால் அது தீர்ந்துவிடும். எனக்குப் பயம் பிழைகளில்தான். எரரை ஒவ்வொரு அடுக்கிலும் சோதிக்க வேண்டும். ஒன்றில் மறந்தாலும் அது சத்தமில்லாமல் தொலைந்துபோகும். எரரைப் பிடிக்கும் ட்ரை-கேட்சை வெளியே போட்டும் பயனில்லை, கால்பேக் ஓடும்போது அந்த ட்ரை எப்போதோ முடிந்திருக்கும். எரர் வந்த இடத்தில் ரிட்டர்ன் விட்டுப்போனால் அதே கால்பேக் இரண்டு முறை ஓடலாம். பணம் பிடிக்கும் இடத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

பிராமிஸ் இங்கேதான் கைகொடுக்கிறது. பின்னால் வரப்போகும் விடைக்காக இப்போதே கையில் கிடைக்கும் ஒரு ஆப்ஜெக்ட் அது. 2015ல் மொழியின் தரத்திலேயே சேர்ந்தது. ஒரு பிராமிஸ் ஒரே முறைதான் முடிவாகும். எரர் சங்கிலி வழியே இறங்கி, கடைசியில் உள்ள ஒரே கேட்சுக்கு வந்துவிடும். அந்தக் கேட்சையும் விட்டுவிட்டால், நோட் ஜேஎஸ்ஸின் 15ஆம் பதிப்பிலிருந்து புரோகிராமே நின்றுவிடும். நல்லதுதான், தவறு உடனே கண்ணில் படுகிறது.

2017ல் வந்த அசிங்க்-அவெயிட் பிராமிஸின் மேல் கட்டியதுதான். அசிங்க் என்று குறித்த ஃபங்ஷனுக்குள் அவெயிட் போட்டால், பிராமிஸ் முடியும்வரை அந்த ஃபங்ஷன் அங்கேயே காத்திருக்கும். மேலிருந்து கீழே சாதாரணமாகப் படிக்கலாம், ட்ரை-கேட்சும் வேலை செய்யும். என் முதல் தேர்வு இதுதான். ஆனால் படிக்க எளிதாக இருப்பதே கண்ணைக் கட்டிவிடுகிறது. பத்து ஆர்டர்களின் விவரத்தை லூப்புக்குள் அவெயிட் போட்டு வாங்கினால், ஒவ்வொன்றும் 200 மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 2 செகண்ட். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அழைப்புகள் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கி பிராமிஸ் ஆலிடம் கொடுத்தால் ஏறக்குறைய 200 மில்லிசெகண்டில் முடியும். அதில் ஒன்று தோற்றாலும் மொத்தமும் தோல்விதான். கிடைத்தவரை காட்டினால் போதும் என்றால், ஒவ்வொன்றின் முடிவையும் தனித்தனியாகத் தரும் பிராமிஸ் ஆல்செட்டில்ட். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச்சுக்குள் மட்டும் அவெயிட் போடாதீர்கள், அது காத்திருக்காது.

பட்டன் கிளிக் போல திரும்பத் திரும்ப நடப்பதற்கு இன்றும் கால்பேக்தான். ஒரே முறை முடிவாகும் பிராமிஸுக்கு அந்த வேலை பொருந்தாது.