பசுமைப் பணியும் இளைஞர் பணியும்: ரோட்டரி சங்கத்தின் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு சேவைச் சங்கத்தின் சுற்றுச்சூழல் பணி எப்படிப்பட்டது என்று அறிய வேண்டுமானால், அது மரக்கன்று நட்ட இடத்தை இரண்டு கோடைகள் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரியையும் நான் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

ரோட்டரி 2020-இல் சுற்றுச்சூழலைத் தன் ஏழாவது முதன்மைப் பணித்துறையாக அறிவித்தது. 2021 ஜூலை முதல், ‘குளோபல் கிராண்ட்’ எனப்படும் அதன் பெரிய நிதியுதவி இத்துறைப் பணிகளுக்கும் கிடைக்கிறது. குறைந்தது 30,000 டாலர் திட்ட மதிப்பு வேண்டும் என்பதும், இரு வேறு நாடுகளின் சங்கங்கள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் சிறிய சங்கங்களுக்குச் சுமைதான். ஆயினும், பணத்தைக் கேட்பதற்கு முன் அப்பகுதி மக்களின் தேவையை ஆராய வேண்டும், நிதி தீர்ந்த பின்னும் பணி எவ்வாறு தொடரும் என்று விளக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை நான் மனமார வரவேற்கிறேன்.

குறை சங்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். அவர் தமக்கென ஒரு திட்டத்தைத் தொடங்க விரும்புவது இயல்பு. முந்தைய ஆண்டின் கன்றுகளோ கேட்பாரற்றுப் போகின்றன. ஒரு சங்கம் நட்ட கன்றுகளில், குச்சியோடு சேர்த்துக் கட்டிய நைலான் கயிற்றை யாரும் தளர்த்தாததால், தண்டு பருத்தபோது கயிறு பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேற்பட்ட பகுதி முழுவதும் காய்ந்திருந்ததைக் கண்டேன். ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் கத்தரிக்கோலுடன் வந்திருந்தால் அவை பிழைத்திருக்கும்.

இளைஞர்களின் பங்கு இந்த இடத்தில்தான் உண்மையான பொருள் பெறுகிறது. ரோட்டரியின் இளையோர் சங்கங்களில், 12 முதல் 18 வயது வரையிலானோருக்கான இன்டராக்ட் 1962-இலும், 18 வயது நிறைந்தோருக்கான ரோட்டராக்ட் 1968-இலும் தொடங்கப்பட்டவை. இன்டராக்ட் சங்கம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இரண்டு பணிகளையாவது செய்ய வேண்டும்: ஒன்று தன் பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படுவது, மற்றொன்று பன்னாட்டுப் புரிதலை வளர்ப்பது. அவற்றில் முதலாவதை ஒரே நாளில் முடியும் விழாவாக நடத்தாமல் தொடர் பராமரிப்பாகவே வைத்துக்கொண்ட ஒரு மாணவர் குழுவை எனக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, தண்டின் சுற்றளவு, நீர் ஊற்றிய நாள், பூச்சித் தாக்குதல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறார்கள். பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர் தம் மரங்களை இளைய மாணவர் ஒருவரிடம் நேரில் காட்டி ஒப்படைக்கிறார். தலைவர்கள் மாறினாலும் அந்தக் குறிப்பேடு தொடர்கிறது. உழைப்பை மட்டும் கேட்காமல் பொறுப்பையும் முடிவெடுக்கும் உரிமையையும் இளையவர்களிடம் கொடுத்த பெரியவர்களே இதற்குக் காரணம் என்பதால், அந்தச் சங்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மற்றொரு சேவை அமைப்பான லயன்ஸ் சங்கங்களின் இளையோர் பிரிவாகிய லியோ குழுக்களிலும் இதே முறையைப் பின்பற்றத் தடையேதும் இல்லை.

ஆகவே, பிள்ளைகளை இத்தகைய குழுவில் சேர்க்கவோ நன்கொடை அளிக்கவோ எண்ணுவோர், இவ்வாண்டு எத்தனை கன்றுகள் நடப்படும் என்பதை விட்டுவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்டவற்றில் எத்தனை உயிரோடு உள்ளன, அவற்றின் கணக்கை யார் வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். உடனே குறிப்பேட்டை எடுத்துக் காட்டும் சங்கத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.