நுரையைப் பார்க்கும் கண்ணா, எண்ணைப் பார்க்கும் கருவியா?

யாழ்ப்பாணத்தில் திராட்சைப் பந்தல் போட்டவர்களுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் பழகிய சாமான்கள். இரண்டையும் கலந்தால், பூஞ்சண நோய்க்குத் தெளிக்கும் போர்டோக் கலவை. நாகத் (துத்தநாகத்) தாதுவைப் பொடியாக்கி, தண்ணீரில் காற்றுக் குமிழி விட்டு, நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் ஆலைகளிலும் இந்த இரண்டும்தான் முக்கியம். மயில்துத்தத்தின் செம்பு நாக சல்பைட்டின் மேற்பரப்பில் ஏறினால்தான் சாந்தேற்று (தாதுத் துணிக்கையைக் குமிழியோடு ஒட்டவைக்கும் இரசாயனம்) நன்றாக ஒட்டும். சுண்ணாம்பு பிஎச் பெறுமானத்தை 10, 12 வரை உயர்த்தி, வேண்டாத இரும்பு சல்பைட்டான பைரைற்றை மிதக்கவிடாமல் அமுக்கும்.

அளவை யார் தீர்மானிப்பது? பழைய வழியில், தொழிலாளி நுரையின் நிறத்தையும் குமிழியின் பருமனையும் பார்த்து வால்வைத் திருப்புவார். செலவு குறைவு. ஆனால் ஷிப்ட் மாறினால் அளவும் மாறும். பயத்தில் கொஞ்சம் கூடவே ஊற்றுவார்கள். மயில்துத்தம் மிஞ்சினால் பைரைற்றும் சேர்ந்து மிதந்து வந்து, செறிபொருளின் (நுரையோடு சேர்த்தெடுக்கும் செறிந்த நாகத் தாதுவின்) தரத்தைக் கெடுக்கும்.

மற்றது, ஓடும் குழம்பை எக்ஸ் கதிரால் சில நிமிடங்களுக்கொருமுறை பகுத்து, நாகத்தின் அளவுக்கேற்ப மருந்தூற்றும் பம்பியை இயக்கும் தானியங்கி. தாது அடிக்கடி மாறும் இடத்தில் என் வாக்கு இதற்கே. ஒரு சங்கடம்: குழம்பில் தோய்ந்து பிஎச் அளக்கும் மின்வாயில் சுண்ணாம்பு படியும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குச் செய்கிற அதே வேலைதான். அமிலத்தால் கழுவாவிட்டால் கருவி பொய் சொல்லும், பம்பியும் அதை நம்பும். அதனால் அங்கேயும் நுரையைப் பார்க்க ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.