பின் விளக்குக் கோளாறுக்கு பிசிஎம் (BCM) மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது. இந்தக் குறையோடு ஒர்க்‌ஷாப்பில் விட்ட ஒரு காருக்கு முதலில் காம்பினேஷன் சுவிட்ச் (ஸ்டீயரிங் அருகே லைட், இண்டிகேட்டர் போடும் சுவிட்ச்) மாற்றினார்கள், அடுத்து இடது டெயில் லைட்டையே முழுசாக மாற்றினார்கள். இரண்டுக்கும் பில். குறை அப்படியே இருந்தது. பிறகு, "பிசிஎம் போயிடுச்சு, புதுசு போட்டு கோடிங் பண்ணணும்" என்று எஸ்டிமேட். பிசிஎம் என்பது காரின் விளக்கு, இண்டிகேட்டர் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. உண்மையில் கெட்டிருந்தது டிக்கி லைனிங்குக்குப் பின்னால் துருவேறிக் கிடந்த எர்த் போல்ட், அதாவது விளக்கின் கரண்ட் கார் பாடிக்குத் திரும்பும் இணைப்பு. புது விளக்கு போட்டும் குறை போகவில்லை என்றபோதே, கோளாறு விளக்குக்கு வெளியே என்று புரிந்திருக்க வேண்டாமா?

பெரும்பாலான கார்களில் ஒரு பக்கத்துப் பின் பல்புகளுக்கெல்லாம் எர்த் வயர் ஒன்றுதான். அது சரியாகப் பிடிக்காவிட்டால் பிரேக் கரண்ட், இண்டிகேட்டர் பல்பின் இழை வழியே பின்னோக்கி ஓடி, முன் இண்டிகேட்டரின் எர்த்தில் போய் இறங்கும். அதனால்தான் இரண்டுமே அழுது வடிகின்றன.

முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள். இரட்டை இழை பி21/5டபிள்யூ இருக்க வேண்டிய ஹோல்டரில் ஒற்றை இழை பி21டபிள்யூவைத் திணித்திருந்தாலும், பிரேக் மிதித்தால் டெயில் லைட்டுகள் எரியும். பல்பு சரியென்றால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, சிவப்பு முனை ஹோல்டரின் எர்த் முள்ளில் (pin), கறுப்பு முனை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். மீட்டர் இல்லையா? அதே இரண்டு இடத்தையும் ஒரு வயரால் இணைத்துப் பாருங்கள், குறை மறைந்தால் எர்த்தேதான். போல்ட்டைக் கழற்றி, ரிங் டெர்மினலையும் தகட்டையும் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் புது டெர்மினலை வயரில் நசுக்கிப் பொருத்த (கிரிம்ப்) வேண்டும்.

இண்டிகேட்டர் படபடவென வேகமாக அடித்தாலும் பிசிஎம்மைக் கைகாட்டுவார்கள். 21 வாட் பல்பு ஒன்று ஃபியூஸ் ஆனாலோ, அதன் இடத்தில் எல்இடி போட்டாலோ கரண்ட் குறையும். அதைக் காட்டிக்கொடுக்கவே வேகம் கூடுகிறது. எல்இடியால் குறைந்த கரண்டை ஈடுகட்ட 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போடுவதானால் தகட்டில் போல்ட் செய்யச் சொல்லுங்கள். வயரிங்கோடு டேப் சுற்றி விட்டால் அந்தச் சூட்டில் வயர் உருகும்.

மூன்று பிரேக் லைட்டும் ஒரே நேரத்தில் எரியாவிட்டால் பெடல் சுவிட்ச், ஃப்யூஸ் இரண்டையும் பார்த்த பிறகே மற்றதெல்லாம். பிசிஎம் என்று சொன்னால், எர்த் ரீடிங் எவ்வளவு என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.