நாட்டு கஞ்சா விதைப் பகிர்வு வட்டம்: உள்ள இருந்து ஒரு ரிவ்யூ

விதை விக்கற கடைங்களுக்கு ரிவ்யூ நிறைய இருக்கு, இது கடை இல்ல. வளர்க்கறவங்களே சேர்ந்து நடத்தற ஒரு விதைப் பகிர்வு வட்டம், பேர் போடல, அவங்களுக்கும் விளம்பரம் பிடிக்காது. காசு கிடையாது. நாட்டு ரக கஞ்சா விதை கேட்டா அனுப்புவாங்க, நீங்க அதை வளர்த்து பெருக்கி விதையா திருப்பி அனுப்பணும், அவ்ளோதான் டீல். சேர்றதுக்கு முன்னாடியே நீங்க இருக்கற இடத்துல வளர்க்க லைசென்ஸோ சட்டப்படி அனுமதியோ இருக்கான்னு பேப்பர் கேக்கறாங்க, இல்லன்னா சேர்க்க மாட்டாங்க. சில பேருக்கு இது கடுப்பா இருக்கு, எனக்கு இது முதல் பிளஸ் பாயிண்ட். விதையைக் காப்பாத்த ஆரம்பிச்சு பாதியில மாட்டிக்கிட்டா அந்த ரகமும் சேர்ந்துதான் போகும்.

இது எதுக்கு வேணும்னு கேக்கறவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். நாட்டு ரகம்னா ஒரே இடத்துல தலைமுறை தலைமுறையா அந்த மண்ணு, மழை, பகல் நீளம் எல்லாத்துக்கும் பழகி வந்த செடிக் கூட்டம். ஹிந்துகுஷ் மலையில குட்டையா அகல இலையோட இருக்கும், தாய்லாந்து பக்கம் நெட்டையா ஒல்லி இலையோட பூக்க மாசக்கணக்குல எடுத்துக்கும், ரெண்டும் ஒரே செடி இனம்தான். இப்போ கடையில கிடைக்கற ஹைப்ரிட் எல்லாம் இப்படிப்பட்ட சில ரகங்களை திரும்பத் திரும்பக் கலந்து வந்ததுதான். மூலம் போச்சுன்னா நோய் தாங்கற குணம், வறட்சி தாங்கற குணம்னு நாளைக்கு தேடினா எங்க போய் எடுக்கறது? 1970கள்ல மெக்சிகோல பாராகுவாட்ங்கற களைக்கொல்லியை வானத்துல இருந்து தெளிச்சு வயல் வயலா அழிச்சாங்க, அதுவாவது கண்ணுக்கு தெரிஞ்ச அழிவு. சத்தமில்லாம நடக்கறது இன்னும் மோசம். இந்த செடியில ஆண் தனி பெண் தனி, மகரந்தம் காத்துல கிலோமீட்டர் கணக்குல பறக்கும், பக்கத்துல ஒருத்தர் ஹைப்ரிட் ஆண் செடியை விட்டா போதும், சுத்தி இருக்கற நாட்டு செடி எல்லாத்துலயும் கலந்துடும். மொராக்கோவோட ரிஃப் மலையில பெல்தியான்னு ஒரு நாட்டு ரகம், தண்ணி கம்மியா குடிக்கும், அந்த இடத்துல வெளியில இருந்து வந்த ஹைப்ரிட் பரவி நிலத்தடி தண்ணியையும் உறிஞ்சிடுச்சு. 2021ல மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் கஞ்சா வளர்க்கலாம்னு அங்க சட்டம் மாறுச்சு, அதுக்கப்புறம் பெல்தியா பத்தின பேச்சு மறுபடி கூடியிருக்கு.

சரி, சர்வீஸுக்கு வர்றேன். பார்சல் வந்த விதம் அருமை. உள்ள காகித கவர், அதை சுத்தி அலுமினிய ஃபாயில் பை, கூடவே நிறம் மாறற சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரம் எவ்ளோன்னு காட்டற சின்ன அட்டை. விதை சின்னதா, கருப்பும் சாம்பலுமா வரி வரியா இருந்துச்சு, ஹைப்ரிட் விதை மாதிரி கொழுகொழுன்னு ஒரே சைஸ்ல இல்ல, ஒண்ணு பெருசு ஒண்ணு பொடிசு, அதைப் பார்த்தாலே கூட்டமா பிடிச்ச விதைன்னு தெரிஞ்சுது. ஆனா எனக்கு விதையை விட லேபிள்தான் முக்கியமா பட்டுச்சு. எந்தப் பள்ளத்தாக்கு, கடல் மட்டத்துல இருந்து எவ்ளோ உயரம், எந்த வருஷம் எடுத்தது, எத்தனை தாய்ச் செடியில இருந்து எடுத்தது, அதுக்கப்புறம் எத்தனை தலைமுறை வேற இடத்துல வளர்த்தது, கடைசியா முளைப்பு டெஸ்ட் பண்ணப்போ என்ன வந்துச்சு, எல்லாம் எழுதியிருக்கு. தெரியாத இடத்துல "தெரியல"ன்னு நேர்மையா போட்டிருக்காங்க பாருங்க, அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. வெளியில இடுக்கி கோல்டு, மலானா, டர்பன்னு பேர் போட்டு விக்கறாங்க, பேர் மட்டும்தான் இருக்கும், எங்க யார் எப்போ எடுத்தாங்கன்னு ஒரு வரி இருக்காது. விவரம் இல்லாத விதையை வச்சு எதையும் காப்பாத்த முடியாது, ஏன்னா எதைக் காப்பாத்தறோம்னே தெரியாது.

அடுத்து இவங்க விதிகள். ஃபெமினைஸ்டு விதை திருப்பி அனுப்பினா வாங்கவே மாட்டாங்க. பெண் செடிக்கு வெள்ளி தயோசல்பேட் அடிச்சு மகரந்தம் வர வச்சு எடுக்கறதுதான் ஃபெமினைஸ்டு, அதுல ஆண் செடியே வராது, ஆண் பக்கம் இருந்து வர்ற குணம் மொத்தமா காலி. இங்க ஆண் செடியை பிடுங்கி எறியக் கூடாது, முடிஞ்ச வரைக்கும் எல்லா ஆணையும் எல்லா பெண்ணையும் தானா கலக்க விடணும், ஒவ்வொரு பெண்ல இருந்தும் ஏறக்குறைய சமமா விதை எடுக்கணும். பார்க்க அழகா இருக்கற ஒரே ஒரு ஆணை வச்சு விதை பிடிக்கற பழக்கம் நிறைய பேர்கிட்ட இருக்கு, அதோட கணக்கு என்னன்னா 1 ஆண் 20 பெண் வச்சா மரபு வகையில அது கிட்டத்தட்ட 4 செடிக் கூட்டத்துக்குதான் சமம். 10 ஆண் 11 பெண்ணா வச்சா ஏறக்குறைய 21, செடி எண்ணிக்கை ரெண்டுலயும் ஒண்ணுதான்! இந்த ஒரு விஷயத்தை புது மெம்பருக்கு பொறுமையா விளக்கறாங்க, அதுக்காகவே இவங்களை பாராட்டணும்.

இன்னொண்ணும் நல்லா பண்றாங்க, விதை கேட்டா நீங்க எந்த அட்சரேகையில இருக்கீங்கன்னு கேக்கறாங்க. பூமத்திய ரேகை பக்கத்து ரகத்தை ரொம்ப வடக்கே வெளியில வளர்த்தா குளிர் வர்றதுக்குள்ள விதை முத்தாது, முத்தற ரெண்டு மூணு செடியோட விதைதான் மிஞ்சும், அப்படி ரெண்டு தடவை போனா அது வேற ரகமாவே மாறிடும். அதனால பொருந்தாதவங்களுக்கு வேற ரகம் எடுத்துக்கோங்கன்னு சொல்லிடறாங்க. கேட்டது கிடைக்கலன்னு சில பேர் சண்டை போடறாங்க, எனக்கு வட்டம் செய்யறதுதான் சரின்னு தோணுது.

இப்போ எனக்கு இருக்கற பெரிய குறை. பாக்கெட்டுக்கு 10 விதை. இவ்ளோ அழகா விதி போட்டுட்டு 10 விதை கொடுத்தா எப்படிங்க? முளைக்காதது, நாத்துல சாகறது போக 5, 6 செடிதான் நிக்கும். அந்தக் கூட்டத்துல 10 சதவீதம் அளவுல இருக்கற ஒரு மரபணு வகை 5 செடியில ஒண்ணுலகூட வராம போறதுக்கு வாய்ப்பு சுமார் 35 சதவீதம், 40 செடி இருந்தா அந்த வாய்ப்பு இல்லன்னே சொல்லலாம். அபூர்வமான குணங்களை காப்பாத்தத்தானே இவ்ளோ பாடு. நிறைய பேருக்கு போகணும்னு கம்மியா பிரிக்கறாங்கன்னு புரியுது, ஆனா 10 பேருக்கு 10 விதை கொடுக்கறதுக்கு 2 பேருக்கு 50 விதை கொடுக்கறது ரகத்துக்கு நல்லது, இதை நான் அவங்ககிட்டயும் எழுதி சொல்லியிருக்கேன். பதில் வந்துச்சு, யோசிக்கறோம்னு. இன்னும் மாறல.

பதில் வர லேட் ஆகும், அதை நான் பெருசா எடுத்துக்கல, எல்லாரும் சொந்த நேரத்துல பண்றவங்க.

சேமிப்பு பத்தி கொடுக்கற குறிப்பு தாள் தரமானது. விதையோட ஈரம் 1 சதவீதம் குறைஞ்சா ஆயுள் ரெட்டிப்பு, வைக்கற இடத்தோட வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைஞ்சா அதுவும் ரெட்டிப்புன்னு ஹாரிங்டன் கணக்குன்னு ஒண்ணு உண்டு, தோராயமானதுதான் ஆனா அதை வச்சு எளிமையா விளக்கியிருக்காங்க. முதல்ல காய வைக்கணும், அப்புறம்தான் ஃப்ரிட்ஜ். ஈரத்தோட ஃப்ரீசர்ல போட்டா உள்ள ஐஸ் பிடிச்சு கரு செத்துடும். வெளிய எடுத்தா பாட்டில் அறை வெப்பத்துக்கு வர்ற வரைக்கும் மூடியை திறக்கக் கூடாது, திறந்தா காத்துல இருக்கற ஈரம் விதை மேல படிஞ்சு அத்தனை நாள் காய வச்சது வீணாகும். மொத்தத்தையும் ஒரே இடத்துல வைக்காம பாதியை இன்னொரு மெம்பர்கிட்ட கொடுத்து வைக்கவும் சொல்றாங்க, இது ரொம்ப சரி. 1924ல ஆப்கானிஸ்தான் போய் தேடின ரஷ்ய தாவர விஞ்ஞானி வவிலோவ் பேர்ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருக்கற விதை வங்கியில நாருக்காக வளர்க்கற கஞ்சா வகைகளே (ஹெம்ப்) பெரிய தொகுப்பா இருக்கு, ஆனா எல்லா ரகமும் அந்த மாதிரி இடத்துக்கு போய் சேராது, வளர்க்கறவங்க கையில இருக்கறதுதான் நிறைய.

இன்னொரு விஷயமும் அவங்க சரி பண்ணணும். விதை எந்த ஊர் விவசாயிங்ககிட்ட இருந்து வந்துச்சோ அவங்களுக்கு திருப்பிப் போற வழி இன்னும் முறையா இல்ல. நாம பெருக்கி நமக்குள்ளயே சுத்த விட்டுக்கிட்டா போதாது, அந்த மலையில கலப்பு ஏறிப்போச்சுன்னா சுத்தமான விதை அவங்களுக்குத்தான் முதல்ல தேவை. அங்க சட்டம் இடம் கொடுக்கற வரைக்கும் பத்திரமா வச்சிருக்கோம்னாவது லேபிள்ல ஒரு பங்கு அவங்க பேர்ல ஒதுக்கலாம்.

யாருக்கு சரிப்படும்னா, இடம் இருக்கறவங்க, ஆண் செடியை விட்டு வைக்க மனசு இருக்கறவங்க, நோட்டு எழுதற பழக்கம் இருக்கறவங்க. டிஎச்சி (போதை தர்ற பொருள்) எவ்ளோ, மகசூல் எவ்ளோன்னு முதல் கேள்வி கேக்கறவங்க தயவுசெஞ்சு வேற இடம் பாருங்க, நாட்டு ரகத்துல அது செடிக்கு செடி மாறும், உங்களுக்கும் ஏமாற்றம் விதையும் வீண். 5க்கு 4 கொடுக்கறேன், அந்த 1 பாக்கெட் சைஸுக்காக கழிச்சது. அடுத்த ரவுண்டுக்கு என் கைவசம் இருக்கறதை திருப்பி அனுப்பறேன், 50, 50ஆ பிரிச்சுதான் கொடுக்கணும்னு கவர் மேலயே எழுதி.